காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வாங்கும் முன்பு
தூசி ஒவ்வாமையும் இழுப்பும் உள்ள குடும்பங்களுக்கு ஒரு பாடம்

(கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படிக்க வேண்டியது)



காலையில் எழுந்தவுடன் அடுக்குத் தும்மல், நாள் முழுவதும் மூக்கொழுகல், கண் அரிப்பு, இரவில் இருமல், இழுப்பு. இப்படி அவதிப்படுகிறவர் ஒருவராவது உள்ள வீடுகள் நம் கிராமங்களில் பல. அந்த வீடுகளில் இப்போது ஒரு புதுக் கேள்வி எழுந்திருக்கிறது. டி.வி.யிலும் செல்போனிலும் காற்றைச் சுத்தம் செய்யும் கருவிக்கு விளம்பரம் வருகிறது. "இதை வாங்கி வெச்சா எங்க புள்ளைக்கு இழுப்பு நின்னுடுங்களா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். மகளிர் குழுக் கடனிலோ, தோட்டை அடகு வைத்தோ வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களும் உண்டு.

இந்தக் கேள்விக்குச் சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கருவி கெட்டது அல்ல. ஆனால் அதற்கு உரிய இடம் மூன்றாவது. முதல் இடம் டாக்டர் கொடுக்கும் மருந்துக்கு. இரண்டாவது இடம் வீட்டிலிருக்கும் புகையையும் தூசியையும் நீக்குவதற்கு. இந்த வரிசையை மாற்றினால் பணமும் போகும், நோயும் நிற்கும். ஏன் என்பதை இனிப் பார்ப்போம்.

1. ஒவ்வாமை என்றால் என்ன?

நம் உடம்பில் ஒரு காவல் சக்தி இருக்கிறது. நோய்க் கிருமி வந்தால் அது எதிர்த்து நிற்கும். சிலருடைய உடம்பில் இந்தக் காவல் சக்தி சாதாரணத் தூசியையும் பூந்துகளையும் எதிரி என்று எடுத்துக்கொள்கிறது. அப்போது மூக்கில் நீர் வடியும்; தும்மல் வரும்; கண் சிவக்கும். மூச்சுக் குழாய்கள் வீங்கிச் சுருங்கினால் 'கொய்ங்' என்று சத்தத்துடன் மூச்சு வாங்கும். இதையே இழுப்பு, வீசிங், ஆஸ்துமா என்கிறோம்.

இது ஒட்டுவார் ஒட்டி நோய் அல்ல. தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டியதில்லை. பெற்றோருக்கு ஒவ்வாமை இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூடுதல். அது தாய் வழியாகவும் வரலாம், தந்தை வழியாகவும் வரலாம். ஆகவே, "உங்க வீட்டுச் சீக்கு" என்று ஒருவரை ஒருவர் குறை சொல்வதில் பயன் இல்லை.

ஒரு எச்சரிக்கை: எல்லா இருமலும் ஒவ்வாமை அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

2. உங்கள் வீட்டில் எது தூண்டுகிறது?

ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாதது இன்னொருவருக்கு ஒன்றும் செய்யாது. எனவே முதலில் எது தூண்டுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து இரண்டு வாரத்துக்கு இப்படி எழுதி வாருங்கள்: தும்மலோ இழுப்போ வந்தது எந்த நேரம்? எந்த இடத்தில்? அதற்குச் சற்று முன் வீட்டில் என்ன நடந்தது?

படுக்கையில் படுத்தபின்னும், விடியற்காலையிலும் அதிகமானால் மெத்தை, தலையணையைச் சந்தேகிக்கலாம். அடுப்பு மூட்டும்போது, தாளிக்கும்போது, கொசுவர்த்தி ஏற்றும்போது என்றால் புகை. மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவருள்ள அறையில் என்றால் பூஞ்சைக் காளான். ஆடிக் காற்றடிக்கும் மாதங்களில், காட்டு வேலைக்குப் போய் வந்தபின் என்றால் புழுதியும் பூந்துகளும். நூற்பாலையிலோ, மஞ்சள் மண்டியிலோ, கோழிப் பண்ணையிலோ வேலை செய்து, லீவு நாளில் மட்டும் சுகமாக இருந்தால் காரணம் வேலையிடத்தில் இருக்கிறது. வீட்டில் எந்தக் கருவி வைத்தும் அது தீராது.

இந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். பாதி வைத்தியம் அதிலேயே இருக்கிறது.

3. கருவி என்ன செய்யும்? என்ன செய்யாது?

கருவியின் உள்ளே இருப்பது ஒரு மின்விசிறியும் ஒரு வடிகட்டியுமே. விசிறி அறைக் காற்றை இழுத்து வடிகட்டி வழியாகத் தள்ளுகிறது. டீ வடிகட்டியில் தூள் தங்குவது போல, காற்றில் மிதக்கும் துகள்கள் அதில் தங்கிவிடுகின்றன. நல்ல வடிகட்டிக்கு 'ஹெபா' என்று பெயர். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 100க்கு 99.97 பங்கை அது பிடித்துவிடும். நம் தலைமயிரின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால், அந்தத் துகள் எவ்வளவு பொடி என்று நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் ஏன் தயங்க வேண்டும்? இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. கருவி பிடிப்பது காற்றில் மிதப்பதை மட்டுமே. கீழே படிந்து கிடப்பதை அது தொடாது.

வீட்டுத் தூசியில் ஒவ்வாமையைத் தூண்டுவதில் முக்கியமானது தூசி உண்ணி. கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. அது கடிப்பதில்லை. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று மெத்தை, தலையணை, கம்பளிக்குள் வாழ்கிறது. அதன் கழிவுதான் ஒவ்வாமையைத் தூண்டுகிறது. அந்தக் கழிவுத் துகள் கனமானது. படுக்கையை உதறினால் மேலே எழும்பி, அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கீழே படிந்துவிடும். கருவி இழுப்பதற்கு முன்பே அது தலையணையில் உட்கார்ந்துவிடுகிறது. அந்தத் தலையணையில்தான் குழந்தை முகம் புதைத்துத் தூங்குகிறது. கரப்பான் பூச்சியின் கழிவும் இப்படித்தான் படிந்து கிடக்கும்.

புகையும், பூஞ்சை வித்துகளும், பூனை முடியிலிருந்து வரும் நுண்துகளும் வேறு மாதிரி. இவை நெடுநேரம் மிதக்கும். இவற்றைக் குறைக்கக் கருவி உதவும். ஆனால் புகையில் துகளோடு வரும் கார்பன் மோனாக்சைடு போன்ற விஷ வாயுக்களை ஹெபா வடிகட்டி பிடிக்காது. "மெசின் ஓடுதே, ஜன்னலைச் சாத்திக்கலாம்" என்று அறைக்குள் விறகோ கரியோ எரிப்பது உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று. கதவு, ஜன்னல் சாத்திய அறையில்தான் கருவி சரியாக வேலை செய்யும். ஓட்டு வீட்டில் ஓட்டின் இடுக்கு வழியாகவும், சுவருக்கும் கூரைக்கும் இடைவெளி வழியாகவும் வெளிக்காற்று வந்துகொண்டே இருக்கும். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு யார் தூங்க முடியும்? கரண்ட் போனால் கருவியும் நின்றுவிடும். இவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. முதலில் செய்ய வேண்டிய வீட்டு வேலைகள்

அ) புகை. காஸ் அடுப்பு வந்த வீட்டிலும் வெந்நீருக்கும், சோறு வடிக்கவும் விறகு எரிவது உண்டு. அந்த அடுப்பை வீட்டுக்கு வெளியே, திறந்த தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். சமையலறையில் புகைபோக்கியோ, புகையை வெளியே தள்ளும் விசிறியோ இருக்கட்டும். தாளிக்கும்போது இடுப்பில் குழந்தை வேண்டாம். கர்ப்பிணிகள் விறகுப் புகையில் நிற்கக் கூடாது; குழந்தை எடை குறைந்து பிறக்க அதுவும் ஒரு காரணம்.

கொசுவர்த்தியைப் பலர் புகையாகவே நினைப்பதில்லை. 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று கணக்கிட்டது. சாத்திய அறையில் இரவு முழுவதும் இது எரிகிறது. இதற்கு மாற்று கொசுவலை. வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் கொசுவும் குறையும். சாம்பிராணி, ஊதுபத்தி, போகிப் பண்டிகையன்று எரிக்கும் பழைய பாய், டயர் இவற்றின் புகையும் இழுப்பு உள்ளவருக்கு ஆகாது.

பீடி, சிகரெட் பற்றிக் கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. திண்ணையில் குடித்தாலும் புகை உள்ளே வரும், சட்டையிலும் தங்கும். விடுவதற்கு உதவி வேண்டுமானால் 1800 112 356 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

ஆ) படுக்கை. இழுப்பு உள்ளவருக்குப் பழைய பஞ்சு மெத்தையை விடக் கோரைப் பாய் மேல். பல வருடமான இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றுங்கள். விரிப்பு, தலையணை உறை, போர்வை இவற்றை வாரம் ஒரு முறை கை பொறுக்காத வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து நல்ல வெயிலில் காயவிடுங்கள். 55 முதல் 60 டிகிரிச் சூட்டில் உண்ணி சாகும். வெறும் பச்சைத் தண்ணீரில் சாகாது. கொதிக்கும் நீர்ப் பாத்திரம் குழந்தை கைக்கு எட்டாமல் இருக்கட்டும். மெத்தையை மாற்ற முடியாவிட்டால், நெருக்க நெசவுத் துணியில் முழு உறை தைத்து மூடிவிடலாம்.

இ) கூட்டுவது. காய்ந்த துடைப்பத்தால் கூட்டினால் படிந்த தூசி திரும்பவும் எழும்பும். ஈரத் துணியால் துடையுங்கள். ஒட்டடை அடிப்பதும், பரண் சுத்தம் செய்வதும் நோயாளி வீட்டில் இல்லாத நேரத்தில் நடக்கட்டும். மனைவிக்கு இழுப்பு என்றால் அந்த வேலை கணவனுடையது. இதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

ஈ) பூஞ்சை, கரப்பான், பார்த்தீனியம். ஒழுகும் ஓட்டையும் குழாயையும் சரி செய்தால்தான் சுவர்ப் பூஞ்சை போகும். மேலே வெள்ளையடித்தால் மட்டும் போகாது. இரவில் எச்சில் பாத்திரத்தை அப்படியே போடாதீர்கள், கரப்பான் வரும். 1950களில் நம் நாட்டில் பரவத் தொடங்கிய பார்த்தீனியம் செடி தோட்டத்தில் இருந்தால், பூக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். ஒவ்வாமை உள்ளவர் அதைத் தொடவே வேண்டாம்.

5. ஒரு வீட்டில் நடந்த பேச்சு

மனைவி: ஏனுங்க, பக்கத்து வீட்டுல காத்து மெசின் வாங்கியிருக்காங்க. நம்ம பையனுக்கும் ஒண்ணு வாங்கிப் போடலாமுங்களா?

கணவன்: எவ்வளவு ஆகும் புள்ள?

மனைவி: பன்னெண்டாயிரமாம். தோட்டை வெச்சு வாங்கிக்கலாமுங்க.

கணவன்: போன வாரம் நர்சம்மா வந்தாங்களே, அவங்க என்ன சொன்னாங்க?

மனைவி: மெசினப் பத்தி அவங்க பேசவே இல்லீங்க. இந்த மெத்தை எத்தனை வருசமாச்சுன்னு கேட்டாங்க. கொசுவத்தி தெனமும் வெக்கறீங்களான்னு கேட்டாங்க. அப்புறம் வீட்டுக்குள்ள பீடி யாரு குடிக்கறாங்கன்னு கேட்டாங்க.

கணவன்: (சற்று நேரம் பேசாமல் இருந்து) நான் திண்ணையிலதானே குடிக்கறேன்.

மனைவி: அந்தச் சட்டையோட தூக்கறப்பவும் அவன் இருமறானுங்க.

கணவன்: சரி, விட்டுடப் பார்க்கறேன். வெந்நி அடுப்பு உள்ளதானே எரியுது, அதுக்கு என்ன பண்றது?

மனைவி: நீங்க வெளிய ஒரு தாவாரம் எறக்கிக் குடுங்க. நான் நாளைக்கே அடுப்பை மாத்திக்கறேன்.

கணவன்: மெத்தைய நாளைக்கே எடுத்துப் போட்டுடலாம். மெசினை ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்துக்கலாம்.

இந்தத் தம்பதியர் எடுத்த முடிவே சரியான முடிவு. இரண்டு மாதம் இப்படிச் செய்து, நோட்டில் எழுதிவந்து பாருங்கள். இழுப்பு வரும் இரவுகள் குறைந்தால் கருவியே தேவைப்படாமல் போகலாம்.

6. அப்படியும் வாங்குவதானால்

சாலையோரப் புழுதி, பக்கத்து ஆலைப் புகை என்று வெளியிலிருந்து வருவதைத் தடுக்க முடியாத வீடும் உண்டு. அறையைச் சாத்தி வைக்க வசதியும், கடன்படாமல் வாங்கப் பணமும் இருந்தால் வாங்கலாம். கடையில் இவற்றைக் கேளுங்கள்:

• உண்மையான ஹெபாவா? 'ஹெபா மாதிரி', 'ஹெபா வகை' என்று எழுதியிருந்தால் வேண்டாம்.

• மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும்? இதைப் பெட்டியில் சி.ஏ.டி.ஆர். என்று போட்டிருப்பார்கள். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறை 1,200 கன அடி. அதாவது சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறையாவது அந்தக் காற்று சுத்தமாக வேண்டும். 34ஐ 5ஆல் பெருக்கினால் 170. ஆகவே 170க்குக் குறைந்த கருவி அந்த அறைக்குப் போதாது. பெட்டியில் உள்ள எண் அதிக வேகத்தில் ஓடும்போது கிடைப்பது. இரவில் சத்தம் வருகிறது என்று வேகத்தைக் குறைத்தால் பலனும் குறையும். அதனால் கணக்குக்குச் சற்று மேலாகவே வாங்குங்கள்.

• ஓசோன் வருமா? 'ஓசோன் மூலம் சுத்திகரிப்பு' என்பதைத் தொடவே வேண்டாம். ஓசோன் மூச்சுக் குழாயை எரிக்கும் வாயு, ஆஸ்துமாவை அதிகமாக்கும். 'அயனைசர்' இருந்தால் அதை அணைத்து வைக்க வசதி உண்டா என்று கேளுங்கள்.

• வடிகட்டி என்ன விலை? எங்கே கிடைக்கும்? இதுதான் தொடர் செலவு. பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும். புழுதி அதிகமென்றால் இன்னும் முன்னதாக. மாற்றாத வடிகட்டியால் பயன் இல்லை.

• கரண்ட் எவ்வளவு இழுக்கும்? 50 வாட் கருவியை இரவு 8 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 24 யூனிட் ஆகும்.

வாங்கியபின் நோயாளி தூங்கும் அறையில், சுவரை விட்டு ஓரடி தள்ளி வையுங்கள். பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். முன் வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். ஹெபா வடிகட்டியைத் தண்ணீரில் கழுவக் கூடாது.

7. மருந்தை மறைக்காதீர்கள்

கருவிக்குப் பணம் தேடும் சில வீடுகளில் டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலர் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. "அது பழகிட்டா விட முடியாது", "பொண்ணுக்கு இழுப்புன்னு தெரிஞ்சா வரன் வராது" என்பவை இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். முதலாவது உண்மை அல்ல. சால்புட்டமால் இன்ஹேலரில் ஓர் அழுத்தத்துக்கு வருவது 100 மைக்ரோகிராம். 4 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பதில் அது நாற்பதில் ஒரு பங்கு. நேரே நுரையீரலுக்குப் போவதால் குறைந்த மருந்தே போதும். மூச்சு முட்டும்போது மட்டும் உறிஞ்சினால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். தடுப்பு மருந்து என்று கொடுத்திருந்தால், நன்றாக இருக்கும் நாளிலும் டாக்டர் சொன்னபடி உபயோகிக்க வேண்டும். குழந்தைகளுக்கு ஸ்பேசர் என்ற குழலோடு கொடுக்க வேண்டும். முறையைச் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பழகுங்கள்.

வரனைப் பற்றி: ஆஸ்துமா உள்ள பெண் திருமணம் செய்யலாம், பிள்ளை பெறலாம், பாலூட்டலாம். கர்ப்ப காலத்தில் இன்ஹேலரைத் தாமாக நிறுத்துவதுதான் தவறு. தாய்க்கு மூச்சு முட்டினால் வயிற்றில் உள்ள சிசுவுக்கும் பிராணவாயு குறையும். புகுந்த வீட்டில் மறைத்து வைத்த மருந்து, நடு ராத்திரியில் தேடும்போது கைக்குக் கிடைக்காது. ஆகவே மருந்து எங்கே இருக்கிறது, எப்படிக் கொடுப்பது என்று கணவனுக்கும் மாமியாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உடனே 108ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்: ஒரு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியாமை, உதடு, நகம் நீலமாதல், மூச்சிழுக்கும்போது விலா எலும்பின் இடுக்கு உள்வாங்குதல், குழந்தை பால் குடிக்க முடியாமல் திணறுதல், இன்ஹேலர் கொடுத்தும் மூச்சு சீராகாமை.

நினைவில் வைக்க வேண்டியவை

• முதலில் மருந்து. அடுத்தது வீட்டுப் புகை, தூசி. கருவி அதற்குப் பிறகே.
• படுக்கையை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைக்கவும்.
• கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை.
• வாங்கினால் உண்மையான ஹெபா, அறைக்கு ஏற்ற அளவு, ஓசோன் இல்லாதது.
• எந்தக் கருவியும் ஆஸ்துமாவைக் குணப்படுத்தாது.
• நகையை அடகு வைக்கும் முன் கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ ஒரு முறை கலந்து பேசுங்கள்.

இன்று இரவு பிள்ளை தூங்கியபின் இருவரும் உட்கார்ந்து இதை ஒருமுறை படியுங்கள். உங்கள் வீட்டில் நாளைக்கே மாற்றக்கூடியவை எவை என்று பேசி முடிவு செய்யுங்கள். படித்தபின் பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள்.